அஞ்ச வேண்டியது எது? ஹாலோவீன் பற்றி ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

"டாலஸுக்கு வந்து எங்களுக்கு இது முதல் ஆண்டு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அக்டோபர் 31 அன்று மாறுவேடம் போட்டுக்கொள்ளவும், மாலையில் தெருவில் வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கவும் ஆசைப்படுகிறாள். இது சாத்தானின் திருநாள், வாசலில் பூசணி விளக்குகூட வைக்கக் கூடாது என்கிறார் எங்கள் சபைப் போதகர். மிட்டாய்க்குள் பிளேடு இருக்கும், போதை மருந்து இருக்கும் என்று ஊரிலிருந்து மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அனுப்பலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மனச்சாட்சியைச் சார்ந்தது. அதை உங்களுக்காக நான் முடிவு செய்ய முடியாது, ஆனால் அந்த முடிவு தவறான வரலாற்றின்மேல் எழக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல முடியும். மற்றொன்று குழந்தையின் பாதுகாப்பைச் சார்ந்தது. அதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு, ஆனால் அது உங்கள் மாமியார் அஞ்சும் திசையில் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அமெரிக்க நாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன், திருச்சபை வரலாற்றில் ஈடுபாடு கொண்ட கிறிஸ்தவன் என்ற இரண்டு நிலைகளிலும் நின்று எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஹாலோ என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். நவம்பர் 1 புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்ற சொல்லின் பொருள். அடுத்த நாளான நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றும் அதே கல்லறைத் திருநாள். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி என்ற போப்பாண்டவர் ரோமில் புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். 835 ஆம் ஆண்டையொட்டி நவம்பர் 1 என்ற நாள், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி பகுதிகளை ஆண்ட பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் பரவியது. ஆகவே பெயரளவில் இது திருச்சபையின் நாட்காட்டிக்குள் பிறந்த இரவு.

"அதற்கு முன்பே அது கெல்டியரின் சவின் பண்டிகை அல்லவா?" என்று உங்கள் போதகர் கேட்கக்கூடும். கெல்டியர் என்ற பழங்கால மக்கள் வாழ்ந்த அயர்லாந்தில் அந்த நாளில் சவின் என்ற பருவ விழா இருந்தது உண்மை. அறுவடை முடிந்து, கோடை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள் அது. அந்த இரவில் மறுவுலகத்தின் கதவு திறக்கும் என்று இடைக்கால ஐரிய (அயர்லாந்து) கதைகள் பேசுகின்றன. ஆனால் அந்தக் கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், அதுவும் அயர்லாந்து கிறிஸ்தவமாகிச் சில நூற்றாண்டுகள் கழிந்த பிறகு. அதற்கு முன் அங்கே என்ன வழிபாடு நடந்தது என்பதற்கு மிகச் சொற்பமான சான்றுகளே எஞ்சியுள்ளன. பிரித்தானியப் பருவ விழாக்களை விரிவாக ஆராய்ந்த வரலாற்றறிஞர் ரொனால்ட் ஹட்டன், திருச்சபை சவினைப் பார்த்துத்தான் நவம்பர் 1 ஐத் தேர்ந்தது என்ற கருத்தையே ஐயுறுகிறார்; ஏனெனில் தொடக்கத்தில் ஐரியத் திருச்சபை புனிதர் அனைவரையும் நினைவுகூர்ந்தது ஏப்ரல் 20 அன்று. நவம்பர் நாள் முதலில் வேரூன்றியது இங்கிலாந்திலும் ஜெர்மானிய நிலங்களிலும்தான்.

துண்டுப் பிரசுரங்களில் அடிக்கடி காணப்படும் இன்னொரு கூற்று, "சவின் என்பது கெல்டியரின் மரண தேவன், அவனுக்கு நரபலி கொடுத்தார்கள்" என்பது. அப்படி ஒரு தேவன் கெல்டிய மரபில் இல்லை. அந்தக் கருத்தைப் பரப்பியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பணியாற்றிய சார்லஸ் வேலன்சி என்ற ராணுவப் பொறியாளர். சொற்பிறப்பியலில் அவர் செய்த ஊகங்களைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. கோடையின் முடிவு என்பதே அச்சொல்லுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய ஒருவரின் பிழை இன்றும் பிரசங்க மேடையில் உண்மையாக ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு வழக்கத்தை மறுப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கும்போது பொய்க் காரணம் எதற்கு?

வீடுவீடாகப் போகும் வழக்கத்தின் கதை வேறு. இங்கிலாந்தில் ஏழை மக்கள் கல்லறைத் திருநாளையொட்டி வீடுகளுக்குச் சென்று, இறந்தோருக்காக மன்றாடுவதாகச் சொல்லிச் சிறு ரொட்டிகளைப் பெற்றார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின், அலை அலையாக அமெரிக்கா வந்த ஐரிய மக்கள் டர்னிப்பைவிடக் குடைய எளிதான செம்மஞ்சள் பூசணியை இங்கே கண்டார்கள். 1930களில் அந்த இரவு வாலிபர்களின் அழிச்சாட்டியத்துக்குப் பேர்போனதாக இருந்தது. கதவுகளைக் கழற்றுவது, ஜன்னல்களை உடைப்பது, வண்டிகளைக் கவிழ்ப்பது என்று எல்லை மீறியபோது, பிள்ளைகளுக்கு விருந்தும் இனிப்பும் கொடுத்து அமைதிப்படுத்த ஊர்ப் பெரியவர்கள் முனைந்தார்கள். "விருந்து தராவிட்டால் வம்பு செய்வோம்" என்ற பொருள்படும் டிரிக் ஆர் ட்ரீட் இப்படித்தான் நாடு முழுவதும் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு முடிந்தபின் வேகம் பிடித்தது. உங்கள் தெருவில் நடக்கப்போகும் வடிவத்துக்கு வயது நூறாண்டுக்கு உட்பட்டதுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டதால் மத அடிப்படையிலான மறுப்பு அர்த்தமற்றது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். சூனியம், குறிசொல்லுதல், செத்தவர்களிடம் கேட்டல் ஆகியவற்றை விலக்கும் உபாகமம் 18 ஆம் அதிகாரமும், இருளின் செயல்களோடு உடன்படாதிருக்கச் சொல்லும் எபேசியர் 5 ஆம் அதிகாரமும் விசுவாசிகளுக்கு விளையாட்டான வசனங்கள் அல்ல. இன்னொன்றையும் அமெரிக்க நண்பர்கள் பெரும்பாலும் புரிந்துகொள்வதில்லை: இங்கே மூன்று தலைமுறையாகப் புறநகர் வீட்டில் வாழ்ந்தவருக்குப் பேய் என்பது கடையில் விற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஆனால் செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்காகத் தூங்காத பாட்டியை, பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையால் அடிவாங்கிய அத்தையைக் கண்ட குடும்பத்துக்கு அது விளையாட்டுப் பொருள் ஆகாது. அந்த அச்சத்திலிருந்து விடுதலை பெற்றதையே தம் விசுவாசத்தின் முதல் சாட்சியாகச் சொல்லும் ஒருவர், பிள்ளைக்குச் சூனியக்காரி வேடம் போட மறுப்பதை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன்.

மறுப்பவர்கள் ஒரே காரணத்தால் மறுப்பதும் இல்லை. புனிதர் திருநாட்களையே ஏற்காத பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவினரின் காலந்தொட்டு ஒரு மரபு உண்டு. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கே ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது என்பதை நினைத்தால் அம்மரபின் கண்டிப்பு விளங்கும். யெகோவாவின் சாட்சிகள் ஹாலோவீனைக் கொண்டாடுவதில்லை. லூத்தரன் சபைகள் அதே அக்டோபர் 31 ஐ, 1517 இல் மார்ட்டின் லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை வெளியிட்டதன் நினைவாகச் சீர்திருத்த நாளாக ஆசரிக்கின்றன. வைதிக யூதர்கள் பலர் பிற சமயத்தாரின் வழக்கங்களைப் பின்பற்றலாகாது என்ற கட்டளையால் விலகுகிறார்கள். மாறுவேடத்துக்கு அவர்களுக்குப் பூரிம் பண்டிகை இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பங்கள் பலவும் இதே போன்ற காரணத்தால் விலகுகின்றன. சவினைத் தம் புனித நாளாகக் கொள்ளும் விக்கா என்ற நவீன இயற்கை வழிபாட்டுச் சமயத்தார் சிலருக்கோ, தாங்கள் வணங்கும் மரபு மரு வைத்த மூக்கும் துடைப்பமுமாகக் கேலிப்பொருளாவது வேதனை.

ஆனால் 1980களில் இங்கே எழுந்த ஒரு பீதியை இந்த நேர்மையான மறுப்புகளோடு சேர்க்கக் கூடாது. சாத்தானை வழிபடும் ரகசியக் கூட்டங்கள் ஹாலோவீன் இரவில் குழந்தைகளைக் கடத்திப் பலியிடுகின்றன என்று அக்காலத்தில் தொலைக்காட்சியும் பிரசங்கங்களும் கூறின. கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியர்கள் மீது 1983 இல் எழுந்த குற்றச்சாட்டு, நாட்டின் மிக நீண்ட குற்றவியல் வழக்குகளில் ஒன்றாக 1990 வரை இழுத்து, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கென்னத் லானிங் இத்தகைய புகார்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1992 இல் எழுதிய அறிக்கையில், அமைப்பு ரீதியான சாத்தானியப் பலிக் கூட்டங்களுக்கு ஆதாரம் கிட்டவில்லை என்று பதிவு செய்தார். மாமியார் அனுப்பும் "அன்றிரவு குழந்தைகளைப் பலி கொடுக்கிறார்கள்" என்ற செய்தியின் வேர் அங்கே இருக்கிறது. அதை ஆறு வயதுக் குழந்தையின் காதில் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மிட்டாயை மறந்துவிடும் பிள்ளை அந்தக் கதையை மறக்காது.

சபைகள் பல இடைவழி ஒன்றைக் கண்டிருக்கின்றன. அறுவடை விழா என்ற பெயரில் வைக்கோல் கட்டுகளும் ஆப்பிள் சாறும் வைத்து, பேய்வேடம் இல்லாமல் வேதாகம மாந்தராகவோ விலங்காகவோ வரச் சொல்கிறார்கள். சில சபைகளில் வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்புற டிக்கியைத் திறந்து அலங்கரித்து, பிள்ளைகள் காருக்குக் கார் போய் இனிப்பு வாங்குகிறார்கள். டிரங்க் ஆர் ட்ரீட் என்று அதற்குப் பெயர். உங்கள் போதகரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு நேர்மாறாக, நரக வீடு என்று அமைத்து, பாவிகள் வேதனைப்படும் காட்சிகளை இளையோருக்கு நடித்துக் காட்டும் வழக்கமும் 1970கள் முதல் சில சபைகளில் உண்டு. பயமுறுத்திப் பக்தி வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை; அதற்கு உங்கள் மகளை அழைத்துப் போக வேண்டாம்.

பள்ளியைப் பற்றி ஒரு சொல். அரசுப் பள்ளியில் சூனியக்காரிப் படங்களும் கொப்பரையும் வைப்பது ஒரு மதத்தைத் திணிப்பதாகும் என்று புளோரிடாவில் ஒரு பெற்றோர் தொடுத்த வழக்கில், அவை மதச் சின்னங்கள் அல்ல, பருவகால அலங்காரமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. ஆகவே பள்ளி நிறுத்த வேண்டும் என்று கோருவதில் பயன் குறைவு. உங்கள் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்றால் முன்கூட்டியே வகுப்பாசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் வேறு வேலை தந்து கண்ணியமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி மிட்டாய். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 தொடங்கி நாளிதழ்களில் வந்த ஹாலோவீன் மிட்டாய்ச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தவர். 1985 இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகும் பல்லாண்டுகள் அந்தக் கணக்கைத் தொடர்ந்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீனுக்கு வந்த குழந்தைக்கு விஷம் வைத்த மிட்டாயைக் கொடுத்து, அதனால் குழந்தை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றைக்கூட அவரால் கண்டறிய முடியவில்லை. பல "பிளேடு" சம்பவங்கள் பிள்ளைகளே செய்த குறும்புகள் என்று பின்னர் தெரிந்தது. முற்றிலும் எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்: 2000 ஆம் ஆண்டில் மினியாபொலிஸில் ஒருவர் சாக்லேட்டுக்குள் ஊசி வைத்துக் கொடுத்து, ஒரு பதின்வயதுச் சிறுவனுக்கு லேசாகக் குத்தியது.

அப்படியானால் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? இரண்டு துயரங்கள் அதை வலுப்படுத்தின. 1974 இல் உங்கள் டெக்சாஸ் மாநிலத்திலேயே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த இனிப்புப் பொடியைத் தின்று இறந்தான். கொடுத்தது அயலார் அல்ல, பெற்ற தந்தை. பிள்ளைகளின் பெயரில் எடுத்த காப்பீட்டுத் தொகைக்காக அதைச் செய்து, ஊரில் உலவிய மிட்டாய்க் கதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நம்பினார். 1984 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 இன் இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் மாண்டார்கள். அது ஹாலோவீனுக்குச் சில வாரங்கள் முன்பு நடந்ததால் பல ஊர்கள் அந்த ஆண்டு வீடுவீடாகப் போவதையே தடுத்தன. மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைகளை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தந்தன. எக்ஸ்ரே உலோகத்தைக் காட்டும், விஷத்தைக் காட்டாது என்பதை அந்த வரிசையில் நின்ற பெற்றோருக்கு யாரும் தெளிவாகச் சொன்னதாகத் தெரியவில்லை. 2022 இல் ஃபென்டனில் என்ற கடும் போதைப் பொருளின் வண்ண வண்ண மாத்திரைகள் பற்றி அரசு போதைத் தடுப்புத் துறை எச்சரித்தபோது, அது ஹாலோவீன் பைகளில் வரும் என்று செய்திகள் பரவின. விலை கொடுத்து வாங்கிய போதைப் பொருளை முகந்தெரியாத குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதால் விற்பவருக்கு என்ன லாபம் என்று மாமியாரிடம் மெதுவாகக் கேளுங்கள்.

ஆனாலும் பையைப் பார்க்காமல் விடாதீர்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் திரும்பியதும் கூடத்துக் கம்பளத்தின்மேல் பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டுவோம். உறை பிரிந்தது ஒரு பக்கம், வேர்க்கடலை கலந்தது ஒரு பக்கம், உருண்டையான கெட்டி மிட்டாய் ஒரு பக்கம். என் இளையவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. அந்த இரவில் நான் தேடியதெல்லாம் உறையின் பின்புறத்திலுள்ள பொடி எழுத்துகளைத்தான், பிளேடை அல்ல. சிறு குழந்தைக்கு மூச்சுக்குழலில் அடைக்கும் கெட்டி மிட்டாயும், ஒவ்வாமையும்தான் அந்தப் பையிலுள்ள உண்மையான ஆபத்துகள். 2014 முதல் உணவு ஒவ்வாமை அமைப்பு ஒன்று நடத்தும் இயக்கத்தால், சில வீட்டு வாசல்களில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காயைக் காண்பீர்கள். உணவல்லாத சிறு பரிசுகளும் இங்கே கிடைக்கும் என்பது அதன் பொருள்.

நான் அஞ்சுவது காருக்கு. கனடா ஆய்வாளர்கள் 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளில், மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை, அமெரிக்கச் சாலைகளில் நடந்து சென்று வாகனம் மோதி இறந்தவர்களை எண்ணினார்கள். 608 பேர். ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வந்த அதே மாலைகளோடு ஒப்பிட்டால் ஆபத்து 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயது வரையான குழந்தைகளுக்கு, அதாவது உங்கள் மகளின் வயதினருக்கு, அது பத்து மடங்கு. மொத்த எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் சராசரியாக ஆண்டுக்கு நான்கு மரணங்கள் கூடுதல். கோடிக்கணக்கான பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் மிட்டாய்க் கதைகள் ஒருபுறம் இருக்க, இந்த மரணங்கள் மெய்யாகவே நிகழ்ந்தவை.

எங்கள் தெருமுனையில் ஆண்டுதோறும் டார்ச் விளக்கோடு நிற்பேன். சில ஆண்டுகளுக்கு முன், சூரியன் மறைந்து வெளிச்சம் முழுவதும் போகாத அந்தக் கால் மணி நேரத்தில், கருப்பு அங்கியும் முகமூடியும் அணிந்த ஒரு சிறுவன், நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து எதிர் வீட்டை நோக்கி ஓடினான். வந்த கார் கிறீச்சிட்டு நின்றபோது அதன் முகப்புக்கும் அவன் அங்கிக்கும் இடையில் ஒரு முழ இடைவெளிதான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. முகமூடியின் கண் துளைகள் பக்கவாட்டில் பார்க்க விடவில்லை. ஓட்டி வந்த பெண் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அன்று கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். முகமூடி வேண்டாம், முகத்தில் வண்ணம் போதும். உடை வெளிர் நிறமாக இருக்கட்டும். முதுகிலும் பையிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு, முனையில் கைபிடித்துக் கடந்து, பிறகு மறுபக்கம் வாருங்கள்; குறுக்கும் நெடுக்கும் போக வேண்டாம். 2007 முதல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் கோடைக்கால நேரமாற்றம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிப்பதால் டாலஸில் அன்று ஆறரை மணியையொட்டித்தான் சூரியன் மறையும். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு வயதுக் குழந்தைக்கு வேண்டிய அளவு வெளிச்சத்திலேயே சுற்றி வந்துவிடலாம்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது தொளதொளப்பான உடை ஆகாது என்று நம் ஊரில் சொல்வது இங்கும் பொருந்தும். பூசணி விளக்கு வாசல் படியில், குழந்தையின் பாவாடை விளிம்பு உரசும் உயரத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் வைத்தால் பேட்டரி விளக்கு வையுங்கள். உடை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். தடுக்கி விழுவதும் குறையும். மூத்த பிள்ளைகள் ஆசைப்படும் வண்ணக் கான்டாக்ட் லென்ஸ் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்பதே இங்கே சட்டவிரோதம், கருவிழியைப் புண்ணாக்கும்.

பாலியல் குற்றவாளிகள் பற்றியும் செய்திகள் வரும். 30 மாநிலங்களில், 1997 முதல் 2005 வரை, குடும்பத்தார் அல்லாதவர்கள் குழந்தைகள்மேல் இழைத்த 67,045 குற்றங்களை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீனையொட்டி அவை கூடவில்லை என்று கண்டார்கள். அறிமுகமானவர்களாலேயே குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்கிறது என்பதால், அந்த எச்சரிக்கை ஆண்டு முழுவதும் வேண்டியது. யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, வாசலோடு வாங்கித் திரும்ப வேண்டும் என்று மகளிடம் சொல்லி, நீங்கள் நடைபாதையில் நின்றால் போதும்.

என் கருத்தைக் கேட்டால், பாதுகாப்பை முன்னிட்டு அவளைத் தடுக்கக் காரணமில்லை. பட்டாம்பூச்சியாகவோ மீனவப் பெண்ணாகவோ வேடம் போட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வீடுகளுக்குப் போய் வரலாம். மனச்சாட்சி இடம் தரவில்லை என்றால் போக வேண்டாம். ரோமர் 14 ஆம் அதிகாரம் நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனையும் எண்ணாதவனையும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறது. அதை உங்கள் போதகரோடு சேர்ந்து வாசியுங்கள். போகாதிருக்க முடிவு செய்தால், அன்று மாலை வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். இங்கே அதுவே அடையாளம். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், தவறாகவும் நினைக்க மாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து உங்கள் கணவர் அந்தத் தெருவழியே வீடு திரும்பும்போது, ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து யார் பிள்ளையாவது ஓடி வரும்.